மலையேற்றத்தில் இழுவை இழக்கும் டர்போ டீசல் ஜீப்: பம்பை மாற்றும் முன் டேங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடியை ஒட்டிக் காபியும் மிளகும் பயிரிட்டு வரும் விவசாயி நான். எங்கள் பகுதியில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் டீசல் ஜீப் என்பது வார இறுதிப் பொழுதுபோக்கு அன்று. ஐப்பசி மழையில் உரமூட்டையைத் தோட்டத்துக்குள் கொண்டு சேர்க்கவும், இரவில் வலி கண்ட பெண்ணை வத்தலக்குண்டுக்கு இறக்கவும் அதை விட்டால் வேறு வழியில்லாத வீடுகள் இங்கே பல உண்டு. அப்படிப்பட்ட வண்டி ஏற்றத்தில் திடீரென்று இழுவை இழப்பதும், ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் மிதித்திருக்கும்போதே ஒரு கணம் பாய்ந்தும் மறுகணம் தொய்ந்தும் போவதும் இங்கே பலரும் சொல்லும் குறை. அந்த ஒரு கோளாறுக்காக ஐந்து மாதங்களையும் முப்பத்தெட்டாயிரம் ரூபாயையும் செலவழித்தவன் என்ற முறையில், அதை எப்படிக் கண்டறிந்திருக்க வேண்டும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என்னுடையது பதினோரு ஆண்டுகள் ஓடிய, பம்ப் உயர் அழுத்தத்தில் தள்ளும் டீசலை 'ரயில்' என்னும் பொதுக் குழாயில் சேர்த்து, இன்ஜெக்டர்கள் வழியே இன்ஜினுக்குள் பீய்ச்சும் காமன் ரயில் முறையில் இயங்கும் டர்போ டீசல் வண்டி. சமவெளியில் அதற்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. வத்தலக்குண்டிலிருந்து மலையேறத் தொடங்கி இருபது நிமிடம் ஆனதும், இரண்டாவது கியரில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மிதிக்கும்போது இன்ஜின் மூச்சுத் திணறுவது போல அடங்கும், பிறகு தானாகவே எழும், மீண்டும் அடங்கும். சில வளைவுகளுக்குள் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் நின்றால், ஒன்றுமே நடவாதது போல மறுபடி ஏறும். நாலைந்து கிலோமீட்டர் போனதும் அதே கதை.

முறையான சர்வீஸ் நிலையம் ஒன்றில் வண்டியை விட்டேன். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தினார்கள், பி 0087 என்ற குறியீடு வந்தது. ரயிலில் டீசல் அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். முதல் முறை டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். இரண்டாம் முறை ரயிலில் உள்ள அழுத்த சென்சாரை மாற்றினார்கள். மூன்றாம் முறை, உயர் அழுத்தப் பம்பின் வாயில் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வை மாற்றினார்கள். நான்காம் முறை, பம்பும் நான்கு இன்ஜெக்டர்களும் போய்விட்டன என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொகைக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வண்டியை ஓட்டிப் பார்த்தது உண்மைதான். ஆனால் ஆளில்லாத வெறும் வண்டியை நான்கு வழிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே வராத கோளாறு என் கற்பனையோ என்னும் தொனியில், "மலைக்குப் போனால் டர்போ வண்டி இப்படித்தான் சார் இருக்கும்" என்றும் ஒருவர் சொன்னார்.

அந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு அளவுக்குத்தான் இருக்கும் என்பதும், டர்போ இல்லாத பழைய ஜீப் அந்த உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும் என்பதும் சரியே. ஆனால் டர்போவின் வேலையே அந்தக் குறையை ஈடுகட்டுவதுதான். புகைக்காற்றின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் அந்தச் சிறு சக்கரம், மெலிந்த காற்றை அழுத்திச் சேர்த்து இன்ஜினுக்குள் தள்ளுகிறது. மேலும், உயரம்தான் காரணம் என்றால் பத்து நிமிடம் நின்றதும் வண்டி எப்படித் தேறும்? நின்ற இடத்தில் மலை தாழ்ந்துவிடவில்லையே.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை; அதைப் படித்தவர்கள்தான் அவசரப்பட்டார்கள். அழுத்தம் குறைந்தது என்பது ஓர் அளவீடு. யாரால் குறைந்தது என்பதை அது சொல்வதில்லை. பம்ப் தேய்ந்தாலும், இன்ஜெக்டர் கசிந்து டீசலைத் திருப்பி அனுப்பினாலும், வழியில் காற்று நுழைந்தாலும், டேங்கிலிருந்தே டீசல் வந்து சேராவிட்டாலும் அதே குறியீடுதான் எழும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடை வரப்பையா இடித்துக் கட்டுவோம்? மதகிலிருந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வருவோம்.

இந்தக் கோளாறில் முதலில் பார்க்க வேண்டியது, குறை இன்ஜினில்தானா என்பதை. மிதித்தால் இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் வழுக்கல்; டர்போவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தேவைக்கு மட்டும் நான்கு சக்கர ஓட்டத்தைச் சேர்க்கும் வகை வண்டிகளில், சேறு தாண்டிய பிறகும் அதை எடுக்க மறந்து தார்ச்சாலையில் ஓட்டினால், வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் உள்ளே முறுக்கு ஏறி, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி கனக்கும். புதிதாக ஜீப் வாங்கிய என் உறவினர் ஒருவர் இதை டர்போ கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்கே போய்விட்டார். பிரேக் பிடித்தபடி ஓடும் சக்கரத்தை, வண்டி நின்றதும் டிஸ்க்கின் அருகே கையைக் கொண்டுபோனாலே வெப்பத்தில் கண்டுகொள்ளலாம்.

குறை இன்ஜினில்தான் என்று உறுதியானால், அடுத்த கேள்வி காற்றா டீசலா என்பது. இதற்குப் பணம் செலவாகாத சோதனை புகை. ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது பின்னால் வரும் வண்டியிலிருந்து ஒருவர் பார்த்தால் போதும். கரும்புகை கக்கினால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்றுப் போதவில்லை. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் பெரும்பாலும் டீசலே வரவில்லை; அல்லது கம்ப்யூட்டரே டீசலைக் குறைத்துவிட்டது. புகைப் பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டிப் பொறி உள்ள புதிய வண்டிகளில் புகை அங்கேயே அடங்கிவிடும் என்பதால், இந்தச் சோதனை பழைய வண்டிகளுக்கே பொருந்தும். என் வண்டியில் புகை இருக்கவில்லை. அதே மாதத்தில், பண்ணைக்காட்டில் எனக்குத் தெரிந்த ஒருவரின் ஜீப் அதே போல இழுவை இழந்தது. ஆனால் பின்னால் வந்தவர் முகம் கறுத்துப்போகும் அளவுக்குப் புகைத்தது. இரண்டு பேருக்கும் டர்போவையும் பம்பையும் பற்றி ஒரே யோசனைதான் சொல்லப்பட்டது என்பதே என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது.

அவருடைய வண்டியில் குற்றவாளி, டர்போவிலிருந்து, சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் இருந்த இரண்டு அங்குல வெடிப்பு. சும்மா நிற்கும்போது அந்த வெடிப்பு மூடிக்கொண்டிருக்கும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது மட்டும் வாய் திறந்து, இன்ஜினுக்குப் போக வேண்டிய காற்றை வெளியே விட்டுவிடும். சீழ்க்கை போன்ற சத்தமும், ஹோஸ் பொருத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் அடையாளங்கள். ஹோஸின் இரு முனைகளையும் அடைத்து, கம்ப்ரசரில் இருந்து ஒரு பார் அளவுக்கு மேற்படாமல் காற்றைக் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவினால் பஞ்சர் கடையில் ட்யூப் பார்ப்பது போலக் குமிழி காட்டிவிடும். காற்று ஃபில்டரில் அடைத்த காபித் தோட்டத்துத் தூசியும், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுபோவதும் இதே கரும்புகையைத் தரும்.

டர்போவே பழுது என்று தீர்ப்பெழுதும் முன், அதை ஆட்டுவிக்கும் வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) குழாய்களைப் பார்க்க வேண்டும். இறக்கைகளின் கோணத்தை மாற்றிக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போக்களில், பல வண்டிகளில் அந்தக் கோணத்தை ஒரு வேக்குவம் டப்பாவும் ஒரு சிறு கம்பியும்தான் நகர்த்துகின்றன. சில ரூபாய் பெறும் மெல்லிய ரப்பர் குழாயை எலி கடித்தாலோ, வெயிலில் வெடித்தாலோ கம்பி நகராது, டர்போ தூங்கிவிடும். கை பம்பால் வேக்குவம் கொடுத்து, கம்பி தங்குதடையின்றி நகர்கிறதா, நகர்ந்த இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. முன் சக்கர ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) அச்சோடு பூட்டுவதற்கும் வேக்குவத்தையே பயன்படுத்தும் சில நான்கு சக்கர ஓட்ட வண்டிகளில், ஹப்பின் சீல் கசிந்தால்கூட டர்போவுக்கு வேக்குவம் போதாமல் போகலாம். சக்கரத்தில் உள்ள கசிவு இன்ஜினின் இழுவையைக் கெடுக்கும் என்று யாருக்கும் எளிதில் தோன்றாது.

கரி பிடித்து அந்த இறக்கைகள் சிக்கிச் சிக்கி நகர்ந்தாலோ, பாய்ந்து தொய்யும் கோளாறு வேறு விதமாக வரும். அழுத்தம் தேவைக்கு மேல் எகிறியதும், இன்ஜினைக் காக்கக் கம்ப்யூட்டர் டீசலைக் குறைக்கும். அழுத்தம் விழுந்ததும் மீண்டும் கொடுக்கும். சில முறை இப்படி நடந்தால் லிம்ப் மோட் என்னும் அடக்க நிலைக்குப் போய்விடும். காற்றழுத்த சென்சார் கரி படிந்து பொய் சொல்கிறதா என்பதை அறியவும் எளிய வழி உண்டு. சாவியைத் திருப்பி, இன்ஜினை இயக்காமல் ஸ்கேனரில் பார்த்தால், அது அந்த ஊரின் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும்: கடற்கரையில் ஏறத்தாழ 1,010 மில்லிபார், கொடைக்கானலில் ஏறத்தாழ 780. மலையில் நிற்கும் வண்டி 1,000 என்று காட்டினால் அந்த சென்சாரின் சொல்லை நம்பக் கூடாது.

இனி என் வண்டியின் கதை. ஒரு லட்ச ரூபாய் மதிப்பீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வத்தலக்குண்டில் லாரி வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்கேனரை எடுப்பதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சாவியை அணைச்சு உடனே போட்டா சரியாகுதா, இல்ல கொஞ்ச நேரம் நிக்கணுமா?" நான்கு சர்வீஸிலும் யாரும் கேட்காத கேள்வி அது. கம்ப்யூட்டர் வெறுமனே அடக்கி வைத்திருந்தால், பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்ட மறுநொடியே அடக்கம் நீங்கிவிடும். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்து உள்ளே வெற்றிடம் உண்டாகியிருந்தால், மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்ற ஒலியுடன் காற்று உள்ளே போகும், வண்டியும் தேறும். இரண்டும் இல்லாமல் சில நிமிட ஓய்வுக்குப் பிறகு மட்டுமே தேறினால், டேங்கின் உள்ளே ஏதோ உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டி, உறிஞ்சல் நின்றதும் விழுகிறது என்று ஐயப்பட வேண்டும். மூன்று கோளாறுகளையும் நாம் "நின்று எடுத்தால் சரியாகிறது" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவதால், கேட்பவருக்கு வேறுபாடு தெரியாமல் போகிறது.

எனக்கு எத்தனை நிமிடம் நின்றேன் என்பது நினைவிருந்தது. மூடியைத் திறந்து பார்த்ததில்லை. அவர் என்னையும் ஸ்கேனரையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் ஆறு உரமூட்டைகளுடன் மலையேறினார். இன்ஜின் தொய்ந்த இடத்தில், கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் 1,300 பாராக இருக்க, ரயிலில் இருந்த அழுத்தம் 700க்கும் 1,100க்கும் இடையே ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. வண்டியை அணைத்து உடனே பானெட்டைத் திறந்தார். டேங்கிலிருந்து டீசல் ஃபில்டருக்கு வரும் வழியில், காற்று எடுப்பதற்காகக் கையால் அமுக்கும் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கிறதே, அது சப்பிப் போட்ட மாங்கொட்டை போல ஒட்டிக் கிடந்தது. காற்று நுழைந்தால் குமிழ் தளர்ந்து போகும், இப்படி ஒட்டாது. பின்னாலிருந்து வரும் வழி அடைத்திருக்க, முன்னாலிருந்து பம்ப் இழுத்தால்தான் இப்படி ஒட்டும் என்றார். சென்சாரும் வால்வும் பம்பும் குமிழுக்கு முன்னால் உள்ளவை, அடைப்போ பின்னால். மூன்று சர்வீஸ் பில்களும் அந்த ஒரு பார்வையில் வீணாயின.

அதையும் அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கும் தெளிவான ட்யூபை வாங்கி, பதினைந்து லிட்டர் கேன் ஒன்றில் வடிகட்டிய டீசலை நிரப்பி, ஃபில்டருக்கு வரும் குழாயையும் திரும்பிப் போகும் குழாயையும் அந்தக் கேனுக்கே மாற்றி, கேனை அசையாமல் கட்டி, அதே ஆறு மூட்டைகளுடன் அதே வளைவுகளில் ஏறினார். ட்யூபில் குமிழி இல்லை. வண்டி ஒரு முறைகூடத் தொய்யவில்லை. ஸ்கேனரில் கேட்ட அழுத்தமும் இருந்த அழுத்தமும் கைகோத்துக்கொண்டு ஓடின. பம்பும் இன்ஜெக்டரும் நல்லவை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. திரும்பிப் போகும் டீசல் சூடாக இருக்கும் என்பதால், இந்தச் சோதனையை விவரம் தெரிந்தவரே செய்ய வேண்டும்.

டேங்கை இறக்கிக் கழுவியபோது, கையகலப் பாலித்தீன் துண்டு ஒன்று மிதந்து வந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் பக்கம் பெட்ரோல் பங்க் தொலைவு என்பதால் கேனில் டீசல் வாங்கி வைப்போம். மூடி கசியாமலிருக்க, வாயில் ஒரு பாலித்தீன் காகிதத்தை வைத்துத் திருகுவோம். அவசரத்தில் அதையும் சேர்த்து ஊற்றியது நானோ என் தோட்டத்து ஆளோ தெரியாது. சமவெளியில் இன்ஜின் குடிக்கும் டீசல் குறைவு. துண்டு சும்மா மிதந்தது. ஏற்றத்தில் இழுப்பு அதிகமாகவே, உறிஞ்சு குழாயின் வாயில் போய்ப் படிந்தது. முழுதாக மூடாமல் படபடத்துக்கொண்டிருந்ததால்தான் பாய்ச்சலும் தொய்வும். ஓடையிலிருந்து தோட்டத்துக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் எடுப்பவர்கள் நாங்கள். குழாயில் தண்ணீர் மெலிந்தால் ஓடைக்கு ஏறிப்போய், வாயில் ஒட்டிய இலையை எடுத்துவிட்டு வருவது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே இலையை என் ஜீப்பில் தேட எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

டேங்கிற்குள் மின்பம்ப் உள்ள வண்டிகளில் அந்தக் குமிழ் இராது. அங்கே பம்பின் அழுத்தத்தை அளந்தே பார்க்க வேண்டும். இரவு நின்று காலையில் எடுக்கும்போது வண்டி நெடுநேரம் சுற்ற வைத்தால், உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது என்று கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் இன்ஜின் ஓடும்போது காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே சொட்டுவது அரிது என்பதால், தரையில் கறை இல்லை என்று கசிவே இல்லை எனச் சொல்லிவிட முடியாது. ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வடிப்பதை மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது செய்வது நல்லது.

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் ஜீப்புகளில் மேலும் ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. புகைப் பாதையில் உள்ள வடிகட்டிப் பொறி தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். தோட்டத்துக்குள் முதல் கியரில் மூன்று கிலோமீட்டர் போய் வருகிற வண்டிக்கு அந்த வெப்பம் எட்டாது. கரி அடைத்து, புகை வெளியேற முடியாமல் இழுவை குறையும். அத்தகைய வண்டியை வைத்திருப்போர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும் சமவெளி நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவது நல்லது.

சர்வீஸ் நிலையங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. மலையில் வரும் கோளாறை, சுமையேற்றி மலையிலேயே ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்த அழுத்தம் எவ்வளவு என்பதைப் பொருளை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பில்லோடு சேர்த்து அச்சிட்டுக் கொடுங்கள்; ஸ்கேனரில் அது ஒரு பொத்தான் வேலைதான். மாற்றிய பழைய பொருளை உரியவரிடம் ஒப்படையுங்கள். என் பழைய சென்சாரை நான் கேட்டு வாங்கி வைத்திருந்ததால்தான், அதை மறுபடி பொருத்திப் பார்த்து அது நல்ல சென்சார் என்று அந்த வயதான மெக்கானிக் காட்ட முடிந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவில் படிக்கும் மாணவர்களுக்கு ஸ்கேனரோடு சேர்த்து இந்தக் கேன் சோதனையையும் கற்றுக்கொடுக்க அரசு ஏற்பாடு செய்யலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இக்கடிதத்தை வெளியிட்டால், கேனில் டீசல் வாங்கி வைக்கும் மலையகத்து விவசாயிகள் மூடிக்கடியில் வைத்த பாலித்தீனை எடுத்துவிட்டு ரப்பர் வாஷர் போடவும், டேங்கில் ஊற்றும்போது சல்லடை வைத்த புனலைப் பயன்படுத்தவும் அவகாசம் கிடைக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு காபி விவசாயி,
கொடைக்கானல் கீழ்மலை,
திண்டுக்கல் மாவட்டம்.